காய்ந்த வருசம் மட்டும் தெரிந்த வட்டம்



கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூட நினைவுகள் என்றால் நான் சிரிக்கச் சிரிக்க எழுதுவேன் என்று எதிர்பார்த்து வருவீர்கள். இது அப்படிப்பட்டதல்ல. ஒரு மாணவனை நான் "உட்காருடா" என்று சொன்ன கதை.

போன வாரம் போடியிலிருந்து முந்தல் போகும் ரோட்டில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மானாவாரிக் காட்டில் ஜேசிபி நின்றது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நம் பக்கம் தினமும் நடக்கிற காரியம்தான். வண்டியை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்தும் மனசு சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1990களின் தொடக்கம். போடிப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். எட்டாம் வகுப்பில் பழைய கற்காலம், புதிய கற்காலம் நடத்தும்போது பிள்ளைகளுக்குப் படம் காட்ட வேண்டும் என்று ஆசை. மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் படம் வண்ணத்தில் இருந்தது. பிரம்மாண்டமான கற்களை வட்டமாக நட்டு, மேலே குறுக்குக் கற்களை ஏற்றி வைத்திருப்பார்களே, அது. அந்தப் படத்தை வரிசையாக எல்லார் கையிலும் கொடுத்துக் காட்டினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பெயர் வேண்டாம். அவனுடைய அப்பாவுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரிக் காடு. அம்மா மேலே ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவர். லீவு நாளில் இவனும் அம்மாவோடு மலைக்குப் போவான். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன்.

"சார், எங்க காட்டுலயும் இந்த மாதிரி வட்டம் இருக்கு சார்."

"கல் வட்டமாடா?"

"கல்லு இல்ல சார். சோளத்துல தெரியும். மலைமேல ஏறி நின்னு பாத்தா ரவுண்டாத் தெரியும். காட்டுக்குள்ள போயி நின்னா ஒண்ணும் தெரியாது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "உங்க அப்பா எருவை வட்டமாக் கொட்டியிருப்பாரு. உட்காருடா" என்றேன்.

அவன் உடனே உட்காரவில்லை. "இல்ல சார், மழ பேஞ்ச வருசம் தெரியாது சார். காஞ்ச வருசம்தான் தெரியும்" என்றான்.

இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருசம் முழுக்க அவன் என் வகுப்பில் வேறெதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இதை நான் மறந்தே போனேன். எத்தனையோ பிள்ளைகள், எத்தனையோ கேள்விகள். 2018இல்தான் திரும்ப ஞாபகம் வந்தது. குரங்கணிக் காட்டுத் தீ நம் ஊரையே உலுக்கிய வருசம் அது. மார்ச்சில் நடந்த அந்தத் துயரம் ஆறாமல் இருந்த நேரம். ஜூலையில் ஒரு செய்தி படித்தேன். அயர்லாந்தில் கடும் வறட்சி. பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நியூகிரேஞ்ச் என்று ஒரு பழைய ஈமச்சின்னம் இருக்கிறது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தையது, உலகப் பாரம்பரியச் சின்னம். அதற்குப் பக்கத்து வயல்களின் மேல் ஆண்டனி மர்ஃபி, கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு பேர் ட்ரோன் பறக்கவிட்டிருக்கிறார்கள். இருவரும் அரசு தொல்லியல் அதிகாரிகள் இல்லை. ஒருவர் பத்திரிகைக்காரர், எழுத்தாளர். இன்னொருவர் புகைப்படக்காரர். ட்ரோன் திரையில் வாடிய பயிருக்கு நடுவே பச்சையாக ஒரு பெரிய வட்டம் தெரிந்தது. அந்த வயலை எத்தனையோ தலைமுறை உழுதிருக்கிறது, எத்தனையோ ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் நடந்திருக்கிறார்கள். யார் கண்ணுக்கும் படாத ஒரு ஹெஞ்ச் அது. வறட்சி வந்ததால் தெரிந்தது. மழை பெய்ததும் மறைந்துவிட்டது.

மழை பேஞ்ச வருசம் தெரியாது சார், காஞ்ச வருசம்தான் தெரியும்.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் என் வகுப்பில் எழுந்து நின்று சொன்னது இதைத்தான்.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அது எப்படி நடக்கிறது என்று நம் விவசாயிகளுக்குச் சொன்னால் நொடியில் புரிந்துகொள்வார்கள். ஒரு காலத்தில் ஆழமாக ஒரு அகழி வெட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். காலப்போக்கில் அது தூர்ந்து மேவிவிடும். மேலே சமமாகிவிடும். ஆனால் அந்த இடத்தில் கீழே பொதபொதவென்று வண்டல் மண். சுற்றிலும் கெட்டியான பழைய தரை. பயிரின் வேர் வண்டல் உள்ள இடத்தில் ஆழமாக இறங்கும், அங்கே ஈரமும் அதிக நாள் நிற்கும். மழை நன்றாகப் பெய்தால் எல்லாப் பயிரும் ஒரே மாதிரி வளரும், வித்தியாசம் இருக்காது. மழை பொய்த்தால் சுற்றியுள்ள பயிர் வாடும், அகழியின் மேலே உள்ள பயிர் மட்டும் உயரமாக, பச்சையாக நிற்கும். புதைந்த சுவரோ கல்தளமோ கீழே இருந்தால் நேர் எதிர். மண் ஆழம் இல்லாததால் அங்கே பயிர் குட்டையாக, சீக்கிரம் மஞ்சளாகிவிடும். பயிர்த்தடம் என்பது இவ்வளவுதான். அகழி வெட்டியவன் போய் 4,000 வருசம் ஆனாலும் அவன் மண்வெட்டி பட்ட இடம் வேறு, படாத இடம் வேறு என்று பயிர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் வயலில் நின்றால் இது தெரியாது. மேலே இருந்து பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் விமானத்தில் உளவு பார்த்தவர்களுக்குத்தான் இது பிடிபட்டது. அவர்களில் ஒருவர் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு. போருக்குப் பின் இங்கிலாந்தின் நில அளவைத் துறையில் தொல்லியல் அதிகாரியானார். வானிலிருந்து எடுத்த படங்களை வைத்துத் தொல்லியல் செய்யலாம் என்று காட்டியவர். கம்பளத்தின் மேல் நடக்கும் பூனைக்கு அதன் வேலைப்பாடு தெரியாது, நிமிர்ந்து நின்று பார்க்கும் மனிதனுக்குத் தெரியும் என்று அவர் விளக்குவாராம். நம் ஊரில் பூனைக்குப் பதில் எறும்பு என்று சொல்லலாம். வாசல் கோலத்தில் மாவைத் தூக்கிக்கொண்டு போகும் எறும்புக்கு அது புள்ளிக்கோலமா சிக்குக்கோலமா என்று தெரியுமா?

1925 டிசம்பரில் கில்பர்ட் இன்சால் என்ற விமானி ஸ்டோன்ஹெஞ்சுக்கு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் பறந்துகொண்டிருந்தார். போரில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். கீழே உழுத நிலத்தில் வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அவர் அதோடு விடவில்லை. அடுத்த ஜூலையில், கோதுமை வளர்ந்து நின்றபோது மறுபடியும் அதே இடத்தின் மேல் பறந்து பார்த்தார். இப்போது ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வட்டங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. கன்னிங்டன் தம்பதியர் தோண்டிப் பார்த்தார்கள். ஆறு சுற்று மரத்தூண் குழிகள். மரம் மக்கி மண்ணாகிப் பல்லாயிரம் ஆண்டு ஆகிவிட்டது, குழி மட்டும் மிச்சம். உட்ஹெஞ்ச் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் குழிகள் இருந்த இடத்தில் சிமென்ட் தூண்கள் நட்டு வைத்திருக்கிறார்கள்.

இதைவிட என்னைச் சுட்ட கதை ஒன்று உண்டு. 2013 ஜூலை, ஸ்டோன்ஹெஞ்சிலேயே நடந்தது. அந்தப் பெரிய கல்வட்டம் ஒரு பக்கம் முழுமையாக இல்லை. கட்டியபோதே அரைகுறையாக விட்டார்களா, இல்லை பிற்பாடு கற்களைத் தூக்கிப் போய்விட்டார்களா என்று நெடுநாள் விவாதம். கோடையில் அங்கே புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்த வருசம் தண்ணீர் ஹோஸ் நீளம் போதவில்லை, ஒரு பக்கம் புல் காய்ந்துவிட்டது. அங்கே பராமரிப்பு வேலை பார்த்த டிம் டா என்பவர் நடந்து போகும்போது காய்ந்த திட்டுகள் கண்ணில் பட்டன. கல் இருந்திருக்க வேண்டிய இடங்களில் சரியாக அவை இருந்தன. வட்டம் ஒரு காலத்தில் முழுமையாக இருந்திருக்கலாம் என்ற கட்சிக்கு அது பலமான சான்றாகிவிட்டது. பராமரிப்புக்காரர்தானே என்று யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே அது ஆய்விதழில் வெளிவந்தது.

நம் ஊருக்கு வருவோம். ஹெஞ்ச் என்பது பிரிட்டன், அயர்லாந்து பக்கத்து வழக்கம். வட்டமாகக் கரையும் அகழியும் வெட்டி, நடுவில் ஏதோ சடங்குகள் செய்த இடம். நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள். அவற்றுக்கு நம் மக்கள் வைத்த பெயர்கள் பல. சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தால் கல்வட்டம். பலகைக் கற்களை நிறுத்தி மூடுகல் போட்டு மண்ணுக்கு மேலே இருந்தால் கல்திட்டை, மண்ணுக்குள் இருந்தால் கல்பதுக்கை. இறந்தவரைப் பெரிய பானையில் வைத்துப் புதைத்தால் முதுமக்கள் தாழி. ஊர்ச்சனங்களைக் கேட்டால் பாண்டவர் குழி என்பார்கள், வாலியர் வீடு என்பார்கள், குள்ளர் வாழ்ந்த வீடு என்பார்கள். 1823இல் மலபாரில் உள்ளவற்றைப் பற்றி பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'பாண்டு குழி' என்ற நம் சொல்தான் இருக்கிறது. அவர் எழுதுவதற்கு முன்பே நம் ஆட்களுக்கு அவை தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

போடிமெட்டு ஏறி மூணாறு தாண்டி மறையூர் போனவர்கள் அங்கே முனியறைகளைப் பார்த்திருப்பீர்கள். வெட்டவெளிப் பாறையின் மேல் நாலு பக்கம் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். ஸ்கூல் டூரில் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன். மலைக்குக் கீழே நம் மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ் பிராமி எழுத்து பொறித்த நடுகற்கள். ஒன்றில் ஆகோள், அதாவது மாடு பிடிக்கும் பூசலில் இறந்தவனைப் பற்றிய செய்தி இருக்கிறது. சங்கப் பாடல்கள் சொல்லும் வாழ்க்கைக்கு வைகைக் கரையில் கல்லிலேயே சாட்சி. இந்த மண்ணில் மனிதர்கள் வாழ்ந்து, செத்து, புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. மேலே ஏலத்தோட்டங்களில் நிழல் மரம் வானத்தை மூடியிருப்பதால் ட்ரோனுக்கும் ஒன்றும் தெரியாது. அடிவாரத்து மானாவாரிக் காடுகளில்தான் மேலே இருந்து பார்க்க வழி உண்டு. அதற்கு விமானம்கூட வேண்டாம். மலைமேல் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள் தினமும் அந்த உயரத்தில்தான் நடக்கிறார்கள்.

அவனைத் தேடிப் பிடிக்கச் சில மாதங்கள் ஆயின. பழைய மாணவர்கள் மூலம் தகவல் கிடைத்தது. அவன் ஜீப் ஓட்டுகிறான். விடிகாலையில் தேவர் சிலையருகே, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் என்று கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் அவர்களை இறக்கிவிட்டு வந்தவனை டீக்கடையில் பிடித்தேன். காலில் விழப் போனான். தடுத்தேன். அவனுக்கும் தலையில் நரை.

"அந்தச் சோளக்காட்டு வட்டம் ஞாபகம் இருக்காய்யா?" என்றேன்.

ஒரு நிமிசம் யோசித்தான். பிறகு சிரித்தான். "நீங்க ஞாபகம் வச்சிருக்கீகளா சார்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் ஜீப்பிலேயே கூட்டிப் போனான். ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, பழைய நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்தோம். சின்ன வயதில் அம்மாவோடு இறங்கி வரும்போது சுமையை இறக்கி வைத்து இளைப்பாறும் பாறையாம். தோளில் கிடந்த துண்டால் பாறையைத் துடைத்தான். "அன்னைக்கு என்ன உக்காரச் சொன்னீக. இன்னைக்கு நீங்க உக்காருங்க சார்" என்றான். குத்திக் காட்டும் குரலே இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

கீழே கைகாட்டினான். மாந்தோப்புகள், இலவ மரங்கள், நடுவில் சிவப்பாக ஒரு நிலம். அதில் வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக. பிளாட்.

"அந்தா, மூணாவது வரிசைக்கு அங்கிட்டு. அங்கிட்டுத்தான் சார் இருந்துச்சு."

அப்பா இறந்த பிறகு தங்கச்சி கல்யாணக் கடனுக்கு நிலத்தை விற்றிருக்கிறார்கள். அது நடந்து ஏழெட்டு வருசம் ஆகிறது என்றான். வாங்கியவர் ஜேசிபி வைத்துச் சமப்படுத்தினாராம். அப்போது மண்ணுக்குள்ளிருந்து பானை ஓடு வந்ததாம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. தடிமனாக ஒரு பெரிய பானையின் வாய்ப்பக்கமும் வந்ததாம். டிரைவர் பயந்து ஒரு நாள் வேலையை நிறுத்தியிருக்கிறார். மறுநாள் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள்.

"யார்கிட்டயும் சொல்லலையாய்யா?"

"யார்கிட்ட சார் சொல்ல? கவர்மெண்டுல சொன்னா நெலத்த எடுத்துக்கிருவாகன்னு பயம். எங்க அப்பாவே அந்த எடத்துல ஆழமா உழ மாட்டாரு. அது பெரியவுக இருக்குற எடம், கை வைக்காதன்னு சொல்லுவாரு. முன்ன சுத்தி உருண்டக் கல்லு கெடந்துச்சாம் சார். எங்க தாத்தா காலத்துல வரப்புக்கு எடுத்துப் போட்டாகளாம்."

கற்கள் போன பிறகும் வட்டம் இருந்திருக்கிறது, சோளத்தில்.

நான் வாத்தியார், அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. பயிரில் வட்டம் தெரிந்தாலே பழங்காலம் என்று சொல்லிவிட முடியாது. பழைய களத்து மேடு இருந்த இடம் வட்டமாகத் தெரியும். ஆனால் களம் கெட்டித்துப் போன தரை. அங்கே பயிர் குட்டையாகத்தான் வரும், பச்சையாக நிற்காது. ஆட்டுக் கிடை போட்ட இடத்தில் பயிர் செழிக்கும். ஆனால் அது மழை பெய்த வருசத்திலும் செழிக்கும், ரெண்டு மூணு வருசத்தில் தீர்ந்தும் போகும். தாத்தா காலத்திலிருந்து ஒரே இடத்தில், காய்ந்த வருசம் மட்டும் பச்சை நிற்கிறது என்றால் அது எருவின் வேலை இல்லை, ஆழத்தின் வேலை. சுற்றிக் கிடந்த உருண்டைக் கல், கறுப்பு சிவப்புப் பானை, தடித்த பானை வாய் எல்லாம் சேர்ந்து ஒரு திசையைக் காட்டுகின்றன. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் முறைப்படி தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு இப்போது இல்லை.

வீட்டில் பேத்தியைக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்து கூகுள் எர்த்தில் பழைய வருசத்துப் படங்களைப் புரட்டச் சொன்னேன். அதில் ஆண்டு வாரியாகப் பின்னால் போகலாம். அந்த நிலம் விற்பதற்கு முந்தைய படம் ஒன்று கிடைத்தது. ஆசையோடு குனிந்து பார்த்தேன். நல்ல மழை வருசத்தில் எடுத்த படம். காடு முழுக்க ஒரே பச்சை. ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் சொன்னதை செயற்கைக்கோளும் உறுதிசெய்தது.

என் மனதை அறுக்கும் கணக்கு இதுதான். அவன் என் வகுப்பில் எழுந்து நின்ற நாளுக்கும் ஜேசிபி இறங்கிய நாளுக்கும் இடையில் ஏறக்குறைய இருபது வருசம் இருந்தது. எத்தனை காய்ந்த வருசங்கள் வந்து போயிருக்கும்! ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு அந்தப் பாறைக்கு ஏறியிருந்தால் போதும். ஒரு போஸ்ட் கார்டு எழுதியிருந்தால் போதும்.

கீழடியில் என்ன நடந்தது தெரியுமா? 1970களில் அங்கே பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர் பாலசுப்பிரமணியம். கிணறு தோண்டிய இடத்தில் ஏதோ பழைய பொருள்கள் கிடப்பதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. போய்ப் பார்த்தார். எடுத்து வைத்தார். தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்தினார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் குழுவினர் வைகைக் கரை நெடுக ஆய்வு செய்துவிட்டு அங்கே தோண்டினார்கள். தென்னந்தோப்புக்கு அடியிலிருந்து செங்கல் கட்டடங்களும் உறைகிணறுகளும் வந்தன. பின்னர் மாநிலத் தொல்லியல் துறை எடுத்து நடத்தியபோது தோண்டும் முன் ட்ரோனும் தரையை ஊடுருவும் ரேடாரும் வைத்துத் தேடினார்கள். இவ்வளவுக்கும் முன்னால், எந்தக் கருவியும் இல்லாத காலத்தில், ஒரு வாத்தியார் பிள்ளைகள் சொன்னதைக் காதில் வாங்கினார். அவரும் நானும் ஒரே பாடத்தைத்தான் நடத்தினோம்.

இனி நான் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். வயசான காலத்தில் மலை ஏறித் தேட முடியாது. ஆனால் கேட்க முடியும். அதனால் நம் பக்கத்து ஆட்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

மானாவாரிக் காடு வைத்திருப்பவர்களே, ஐப்பசி மழை பொய்த்த வருசத்தில் உங்கள் சோளத்தில், கடலையில், ஏதாவது ஒரு வடிவம் தெரிந்தால் அதைக் கவனியுங்கள். வட்டமோ கோடோ சதுரமோ எதுவானாலும் சரி. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்திருக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். பிள்ளைகளை மேட்டில் ஏறி நின்று செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த மாதம், என்ன பயிர் என்று எழுதி வையுங்கள். கல்யாண வீட்டில் ட்ரோன் பறக்கவிடும் தம்பிகளே, முறையான அனுமதியோடு பறக்கவிடும்போது திரும்பி வரும் வழியில் காட்டுப் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள்.

தயவுசெய்து தோண்டாதீர்கள். தோண்டினால் பானை கிடைக்கும், கதை போய்விடும். எந்த அடுக்கில், எந்தப் பக்கம் பார்த்து, எதோடு சேர்ந்து இருந்தது என்பதில்தான் விவரமே இருக்கிறது. புதையல் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். இந்தக் குழிகளில் இருப்பது மண்பானையும் இரும்புத் துண்டும் பாசிமணியும் எலும்பும்தான். மண்ணுக்குள் விலையுள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. மறைத்தால்தான் வம்பு, சொன்னால் இல்லை. வி.ஏ.ஓ.விடம் சொல்லலாம், தாசில்தாரிடம் சொல்லலாம், மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதலாம். நிலம் போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. கடலைக் காட்டை நம்பி இருக்கிறவனிடம் சரித்திரம் பேசினால் அவன் எரிச்சல்படுவதில் நியாயம் இருக்கிறது. குறைந்தபட்சம் ஜேசிபி இறங்கும் முன் படமாவது எடுத்து வையுங்கள்.

பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து எதையாவது சொன்னால் பாடம் முடியவில்லையே என்று அவசரப்படாதீர்கள். ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள். "எப்பய்யா தெரியும்? எங்கிருந்து பாத்த?" என்று நான் கேட்டிருந்தால் போதும். இன்சாலிடம் விமானம் இருந்தது, மர்ஃபியிடம் ட்ரோன் இருந்தது. என் மாணவனிடம் ஒரு மலையும் ஒரு ஜோடிக் கண்ணும் இருந்தன. அவர்கள் பார்த்த விதத்தில்தான் அவனும் பார்த்திருக்கிறான். திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த வருசம் தெரிகிறது எந்த வருசம் தெரியவில்லை என்று ஒப்பிட்டு வேறு வைத்திருக்கிறான். அறிவியல் என்று நான் போர்டில் எழுதிப் போட்டது இதைத்தானே.

அந்தப் பாறையில் உட்கார்ந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நீங்க தேடி வந்தீகள்ல" என்றான். இறங்கி வரும்போது ஜீப்பை நிறுத்தி வேறொரு பக்கம் கைகாட்டினான். இன்னும் உழவு நடக்கும் ஒரு காடு. யாருடையது என்று அவனுக்குத் தெரியும். "அங்கயும் ஒண்ணு இருக்கு சார். சின்னது. மூணு தரம் பாத்திருக்கேன்."

போன வாரம் ஜேசிபி நின்றது அந்தக் காட்டில் இல்லை, அதற்கு ரெண்டு காடு தள்ளி. வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் போட்டேன். அந்தக் காட்டுக்காரரைப் பார்க்க இந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் போகிறோம். அவர் ஒத்துக்கொண்டால் ஒரு விண்ணப்பம் எழுதித் தொல்லியல் துறைக்கு அனுப்புவதாக இருக்கிறேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதப்போகிறேன்.

 உங்கள் ஊரில் இப்படி ஏதாவது பார்த்தவர்கள், பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். இந்தத் தடவை நான் சிரிக்க மாட்டேன்.